மடிக்கணினி சுடுகிறதா? கூலிங் பேட் வாங்குவதற்கு முன் இரண்டு பாட்டில் மூடிகளை எடுத்து வையுங்கள்

சித்திரையின் பிற்பாதியில் கத்திரி தொடங்கியதும், அதுவரை சத்தம் காட்டாமல் இருந்த மடிக்கணினி இரையத் தொடங்கும். விசைப்பலகையின் மேல்வரிசையில் விரல் வைக்க முடியாது. காணொளிக் கூட்டத்தின் நடுவே படம் தேங்கி நிற்கும். உடனே பலரும் இணையக் கடையைத் திறந்து, கணினிக்கு அடியில் வைக்கும், நீல விளக்கும் ஐந்து விசிறிகளும் கொண்ட கூலிங் பேட் ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். அது சிலருக்கு நன்றாகவே பயன்படுகிறது; வேறு பலருக்கோ மேசைமேல் இன்னொரு சத்தம் கூடுவதைத் தவிர எதுவும் மாறுவதில்லை. விலை கூடக் கொடுத்திருந்தால் சரியாகியிருக்கும் என்று எண்ணிக்கொள்வது இயல்புதான் என்றாலும், தம் கணினி எந்தப் பக்கமாகக் காற்றை இழுக்கிறது, எந்தப் பக்கமாக வெளியே தள்ளுகிறது என்பதைப் பாராமல் வாங்கியதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். ஆகவே, கடையில் என்ன பார்க்க வேண்டும் என்பதைவிட, கடைக்குப் போவதற்கு முன் வீட்டில் என்ன பார்க்க வேண்டும் என்பதற்கே இக்கட்டுரையில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

உள்ளே நடப்பது என்ன

கணினியின் செயலி (பிராசசர்) உண்ணும் மின்சாரம் அனைத்தும் இறுதியில் வெப்பமாகவே வெளிவருகிறது. மெல்லிய அலுவலகக் கணினிகளின் செயலிகள் நீடித்த வேலையில் பெரும்பாலும் 15 முதல் 28 வாட் வரை எடுத்துக்கொள்கின்றன. விளையாட்டுக்கென்று செய்யப்பட்டவற்றில் செயலியும் கிராஃபிக்ஸ் சில்லும் சேர்ந்து 100 வாட்டை எளிதாகத் தாண்டும். இந்த வெப்பம், செயலியின் மேல் பூசிய, வெப்பம் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் வழியாக ஒரு செப்புக் குழாய்க்குச் செல்கிறது. குழாய்க்குள் இருக்கும் சிறிதளவு நீர்மம் சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனையில் மீண்டும் நீர்மமாகி, வெப்பத்தைச் சுமந்து சென்று சீப்புப் பற்களைப் போல நெருக்கமாக அடுக்கிய உலோகத் தகடுகளில் இறக்கிவிடுகிறது. அந்தத் தகடுகளின் ஊடே காற்றை ஊதி வெளியேற்றுவது உள்விசிறியின் வேலை.

பெரும்பாலான மடிக்கணினிகளில் காற்று அடிப்பக்கத் துளைகள் வழியாக உள்ளே வந்து, திரையின் கீல் அருகிலோ பக்கவாட்டிலோ வெளியேறுகிறது. அடிப்பக்கத்துக்கும் மேசைக்கும் இடையே, ரப்பர் கால்கள் தரும் சில மில்லிமீட்டர் இடைவெளி மட்டுமே இருக்கிறது. மெத்தையில் வைத்தால் அதுவும் அடைபட்டுப்போகும். மடிக்கணினி என்று பெயர் வைத்தோமே தவிர, அதை வைக்கத் தகாத இடங்களில் மடியும் ஒன்று. சூடான கணினியை நாள்தோறும் தொடைமேல் வைத்து வேலை செய்தவர்களின் தோலில் வலைப்பின்னல் போன்ற கருஞ்சிவப்புத் தடம் விழுந்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன.

கூலிங் பேட் காற்றைக் குளிர்விப்பதில்லை என்பதைப் புதியவர்கள் முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும். பெயரைப் பார்த்து, தண்ணீர் ஊற்றி ஓடவிடும் ஏர் கூலரோடு அதைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அறையில் இருக்கும் காற்றைத் துளைக்கு அருகே தடையின்றிக் கொண்டுவந்து சேர்ப்பது மட்டுமே அதன் வேலை. அறை 36 டிகிரியில் இருந்தால் அது ஊதும் காற்றும் 36 டிகிரிதான். தயாரிப்பாளர்கள் பலர் தம் கணினிகளை 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலுக்கென்றே வடிவமைக்கிறார்கள். ஆப்பிள் நிறுவனம் தன் மாக்புக் கணினிகளுக்கு 10 முதல் 35 டிகிரி என்று எழுத்திலேயே குறிப்பிடுகிறது. மே மாதத்தில் வேலூரிலோ திருச்சியிலோ மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் பிற்பகல் 3 மணிக்கு வேலை செய்பவர் அந்த எல்லைக்கு அப்பால்தான் உட்கார்ந்திருக்கிறார். அறையின் வெப்பம் 10 டிகிரி குறைந்தால், அதே வேலையில் செயலியின் வெப்பமும் ஏறத்தாழ அந்த அளவுக்குக் குறையும். எந்தப் பேடும் தர முடியாத பலனை, கனமான வேலையைக் காலையில் முடிப்பதும் கீழ்த்தளத்து அறைக்கு மாறுவதும் சில நாட்களில் தந்துவிடும்.

முதலில் அளந்து பாருங்கள்

கையால் தொட்டு அறியும் சூடு நம்பத்தக்கதன்று. உலோக உடல் கொண்ட கணினி, உள்ளே நலமாக இருக்கும்போதே வெளியே சுடும். பிளாஸ்டிக் உடல் கொண்டது உள்ளே வெந்துகொண்டிருக்கும்போதும் வெளியே வெதுவெதுப்பாகவே தோன்றும். விண்டோஸ் கணினியில் எச்.டபிள்யூ.மானிட்டர், எச்.டபிள்யூ.இன்ஃபோ, கோர் டெம்ப் ஆகிய மென்பொருள்களுள் ஒன்றை அதன் சொந்தத் தளத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். லினக்ஸில் எல்.எம்.சென்சார்ஸ் தொகுப்பை நிறுவி, முனையத்தில் சென்சார்ஸ் என்ற கட்டளையை இட்டால் போதும்.

கணினியைத் தட்டையான மேசையில் வைத்து, சார்ஜரை இணைத்து, எந்த வேலையும் கொடுக்காமல் 10 நிமிடம் விட்டு வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, உங்களுக்குத் தொல்லை தரும் அதே வேலையை, அது காணொளித் தொகுப்பாயினும் விளையாட்டாயினும் நாற்பது தாவல்கள் திறந்த உலாவியாயினும், 20 நிமிடம் தொடர்ந்து செய்து மீண்டும் குறித்துக்கொள்ளுங்கள். வெப்பநிலையோடு செயலியின் வேகத்தையும், அதாவது எத்தனை கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது என்பதையும், எழுதிவைப்பது மிகவும் தேவை. அதற்கான காரணம் சற்றுப் பின்னால் வருகிறது.

கடும் வேலையின்போது 80 முதல் 90 டிகிரி வரை ஏறுவது இன்றைய மடிக்கணினிகளில் இயல்பானதுதான். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. இன்டெல் மடிக்கணினிச் செயலிகள் பலவற்றுக்கு உச்ச வரம்பு 100 டிகிரி. ஏ.எம்.டி செயலிகளில் அது மாதிரிக்கு ஏற்ப 95 டிகிரியோ அதற்குச் சற்று மேலோ இருக்கும். வரம்பைத் தொட்டதும் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. திரை தேங்கி நிற்பதும் சுட்டி இழுபடுவதும் பெரும்பாலும் அப்போதுதான். உங்கள் கணினி அந்த வரம்பிலேயே நிலையாக நின்றுகொண்டிருந்தால் மட்டுமே இனி வருபவை உங்களுக்குத் தேவைப்படும்.

இந்தக் கட்டத்தில் ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். தொடுபலகை மேலெழும்பியிருந்தாலோ, கணினி மேசையில் தட்டையாக அமராமல் ஆடினாலோ, உள்ளே பாட்டரி வீங்கியிருக்கக்கூடும். அப்படியானால் சார்ஜரைக் கழற்றி, கணினியை அணைத்து, பழுதுபார்ப்பவரிடம் கொண்டுசெல்லுங்கள். கூலிங் பேட் பற்றிய பேச்சுக்கே அங்கு இடமில்லை.

மூடிச் சோதனையும் மேசைவிசிறிச் சோதனையும்

ஒரே உயரமுள்ள இரண்டு தண்ணீர் பாட்டில் மூடிகளை எடுத்து, கணினியின் பின்விளிம்பில் இரு மூலைகளுக்கும் அடியில், துளைகளை மறைக்காமல் வையுங்கள். பின்பக்கம் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு உயரும். அதே அறையில், முடிந்தால் அதே நேரத்தில், அதே வேலையை 20 நிமிடம் செய்து மீண்டும் அளவிடுங்கள்.

வெப்பநிலை 5 டிகிரியோ அதற்கு மேலோ இறங்கினால், உங்கள் கணினி காற்றுக்கு ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அதற்கு விசிறி வேண்டியதில்லை. உயர்த்தி வைக்கும் ஸ்டாண்டே போதும். ஒன்றிரண்டு டிகிரிதான் இறங்கியது என்றால், வேகக் குறிப்பைப் பாருங்கள். வரம்பில் முட்டி நிற்கும் செயலி, கூடுதல் காற்றுக் கிடைத்ததும் வெப்பத்தைக் குறைக்காமல் வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். எடுத்துக்காட்டாக, முன்பும் 95 டிகிரி, பின்பும் 95 டிகிரி, ஆனால் வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2.9 ஆக ஏறியிருக்கிறது என்றால், மூடிகள் தம் வேலையைச் செய்துவிட்டன என்றே பொருள். வெப்பமும் இறங்காமல் வேகமும் ஏறாமல் இருந்தால் மட்டுமே, குறை கணினிக்கு உள்ளே இருக்கிறது என்று கொள்ளலாம்.

அடுத்து, மூடிகளை எடுக்காமலே, ஒரு சாதாரண மேசைவிசிறியைப் பின்பக்கமாகவோ பக்கவாட்டாகவோ வைத்து, உயர்ந்த இடைவெளிக்குள் காற்று புகும்படி திருப்பிவிட்டு மூன்றாம் முறை அளவிடுங்கள். இது கூலிங் பேடுக்கான ஒத்திகை. மூடிகளால் கிடைத்ததற்கு மேல் குறிப்பிடத்தக்க பலன் கிடைத்தால் விசிறியுள்ள பேட் வாங்குவதில் பொருள் உண்டு. மேசைவிசிறியாலேயே ஒன்றும் ஆகவில்லை என்றால், அதைவிட எத்தனையோ மடங்கு சிறிய விசிறிகள் கொண்ட பேடால் என்ன ஆகிவிடப் போகிறது?

குறை உள்ளே இருந்தால்

கணினி வெளியேற்றும் காற்றின் முன் உள்ளங்கையைப் பிடித்துப் பாருங்கள். விசிறி பலமாக இரைகிறது, ஆனால் வரும் காற்று மெலிந்திருக்கிறது என்றால், தகடுகளில் தூசு பஞ்சுபோல் படிந்து அடைத்திருக்க வாய்ப்பு மிகுதி. காற்று நன்றாக வருகிறது, ஆனால் செயலி 95 டிகிரியில் இருக்கும்போதும் அக்காற்று வெதுவெதுப்பாகவே இருக்கிறது என்றால், வெப்பம் தகடுவரை வந்து சேரவில்லை. தெர்மல் பேஸ்ட் உலர்ந்துபோயிருக்கலாம். இரண்டுக்கும் வெளியே வைக்கும் எந்தப் பொருளும் மருந்தாகாது.

தரையில் பாய் விரித்து உட்கார்ந்து வேலை செய்யும் வீடுகளில் தூசு விரைவாகச் சேர்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கணினி தரையை ஒட்டியே காற்றை உறிஞ்சுவதால், கூட்டும்போது எழும் தூசும் பாயின் நாரும் தலைமுடியும் நேராக உள்ளே போகின்றன. உத்தரவாதக் காலம் முடியாதிருந்தால் சேவை மையத்தில் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். தாமே செய்பவர்கள் கணினியை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, சின்ன ஏர் ப்ளோயரால் விட்டுவிட்டு ஊத வேண்டும். அப்போது விசிறியின் இதழ்கள் சுழலாதபடி ஒரு பல்குச்சியால் தடுத்துப் பிடிக்க வேண்டும். ஊதும் வேகத்தில் விசிறி தன் அளவுக்கு மீறிச் சுழன்றால் அச்சு கெட்டுவிடும்.

உள்ளே சுத்தமாக இருந்தும் கணினி சூடேறினால், காசில்லாத இன்னொரு வழி இருக்கிறது. விண்டோஸின் மின்சக்தி அமைப்புகளில், செயலியின் உச்ச நிலை 100 சதவீதம் என்றிருப்பதை 99 ஆக்கினால், டர்போ எனப்படும் குறுங்கால வேகப் பாய்ச்சல் நின்றுவிடும். எழுத்து வேலைக்கும் கணக்கு வேலைக்கும் அந்த இழப்பு பெரும்பாலும் தெரியாது. சூடு வெகுவாகக் குறையும். விளையாட்டுக்கும் காணொளித் தொகுப்புக்கும் இதைச் சொல்ல மாட்டேன்.

ஸ்டாண்ட் போதும் என்று தெரிந்தால்

அடிப்பகுதி திறந்திருப்பதுதான் முதல் தகுதி. மூடிய பலகையாக இருக்கும் ஸ்டாண்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் மேசையைச் சற்று உயரே தூக்கி வைத்ததற்கே சமம். சிக்குப்பலகையைப் போல எக்ஸ் வடிவில் விரிந்து மடங்கும் அலுமினிய ஸ்டாண்டுகள் விலை மலிவானவை, பையிலும் அடங்குபவை. ஆனால் தட்டச்சு செய்யும்போது ஆடுகின்றனவா என்பதைக் கடையிலேயே விசைகளைத் தட்டிப் பார்த்து அறிந்துகொள்வது நல்லது. கணினி வழுக்காமல் பிடிக்கும் முன்புறக் கொக்கிகள், சில மாதிரிகளில் பக்கவாட்டுத் துளைகளையோ மெமரி கார்டு இடுக்கையோ மறைத்துவிடும். திரை கண்மட்டத்துக்கு வருமளவு உயர்த்தினால் கழுத்துக்கு நலம், மணிக்கட்டுக்குக் கேடு. அவ்வளவு உயரம் வேண்டுமென்றால் தனி விசைப்பலகைக்கும் சுட்டிக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள். 2020இல் வந்த எம்1 மாக்புக் ஏர் முதல், உள்விசிறியே இல்லாத கணினிகளை வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் ஸ்டாண்டே போதும். அவற்றில் உடல்தான் வெப்பத்தை வெளியேற்றுகிறது, ஊதித் தள்ளுவதற்கு உள்ளே வழியில்லை.

விசிறியுள்ள பேட் வேண்டுமென்றால்

பேடின் விசிறியும் கணினியின் துளையும் நேருக்கு நேர் வருவது வேறெல்லாவற்றையும்விட முக்கியம். ஒரு செய்தித்தாளைக் கணினியின் அளவுக்கு வெட்டி, கணினியை அணைத்துக் கவிழ்த்து அதன் அடிப்பக்கத்தின் மேல் வைத்து, காற்றுத் துளைகள் இருக்கும் இடங்களைப் பேனாவால் வரைந்துகொள்ளுங்கள். கணினி கவிழ்ந்திருந்தபோது வரைந்ததால், தாளை மறுபுறம் திருப்பிப் பிடித்தால்தான் மேலிருந்து பார்க்கும் அமைப்பு கிடைக்கும். இதை மறந்து இடம் வலம் மாறிக் குழம்பியவர்களில் நானும் ஒருவன். அந்தத் தாளைக் கடையில் பேடின் மேல் விரித்துப் பாருங்கள். இணையத்தில் வாங்கினால், படத்தில் உள்ள விசிறிகளின் இடத்தோடு ஒப்பிடுங்கள். நடுவில் ஒரே பெரிய விசிறி கொண்ட பேடும், இரு ஓரங்களில் மட்டும் துளை கொண்ட கணினியும் சேர்ந்தால், காற்று வெறும் பிளாஸ்டிக்கில் மோதித் திரும்பும்.

அளவைத் திரையின் அங்குலத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். 15.6 அங்குலக் கணினிகளின் அகலம் ஏறத்தாழ 36 சென்டிமீட்டர். விளையாட்டுக் கணினிகள் முன்னும் பின்னும் கூடுதலாக நீண்டிருக்கும். டேப் வைத்து அளப்பதே சரி.

ஐந்து சிறு விசிறிகளா, ஒரு பெரிய விசிறியா என்ற கேள்விக்கு, துளைகளின் இடம் ஒத்துவரும் பட்சத்தில் பெரியதே மேல் என்பது என் கருத்து. 140 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட விசிறி மெதுவாகச் சுழன்றே போதிய காற்றைத் தரும். சிறியவை அதே காற்றைத் தர வேகமாகச் சுழன்று கீச்சிடும். விசிறி எத்திசையில் ஊதுகிறது என்பதையும் பாருங்கள். ஓடும் விசிறியின் மேல் மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்தால் அது மேலே எழ வேண்டும். கீழ்நோக்கி உறிஞ்சும் பேட், அடியிலிருந்து காற்றிழுக்கும் கணினியோடு கயிறிழுக்கும் போட்டிதான் நடத்தும்.

சாதாரணப் பேடுகள் யூ.எஸ்.பி வழியாக மின்சாரம் பெறுகின்றன. பழைய 2.0 வகை இணைப்பு 5 வோல்ட்டில் 500 மில்லியாம்பியர், அதாவது 2.5 வாட், தரும்; 3.0 வகை 900 மில்லியாம்பியர் தரும். சார்ஜர் இல்லாமல் பாட்டரியில் ஓடும்போது, 2.5 வாட் எடுக்கும் பேட் 50 வாட்மணிப் பாட்டரியை மணிக்கு 5 சதவீதம் தின்றுவிடும். வீட்டில் கிடக்கும் பழைய செல்பேசி சார்ஜரில் பேடை இணைத்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை, ஒரு யூ.எஸ்.பி துளையும் மிச்சமாகும். கணினியில் டைப் சி துளைகள் மட்டுமே இருப்பவர்களுக்கும் இதுவே எளிய வழி. பேடோடு வரும் இருபுறமும் ஒரே முனை கொண்ட கம்பியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தெருமுனைக் கடைகளில் அது எளிதில் கிடைப்பதில்லை.

விலை கூடிய இன்னொரு வகையில், பேடின் விளிம்பைச் சுற்றி ஒரு பஞ்சு வளையம் இருக்கும். கணினி அதன் மேல் அழுந்தி அமர்வதால் காற்று ஓரங்களில் கசியாமல் அழுத்தத்தோடு துளைகளுக்குள் செல்கிறது. அடியில் துளைகள் கொண்ட விளையாட்டுக் கணினிகளுக்குத் தெளிவான பலன் தருவது இந்த வகையே. ஆனால் இவற்றுக்குத் தனி மின்னிணைப்பு வேண்டும், முழு வேகத்தில் பெரும் இரைச்சல் எழும், விலையும் சாதாரணப் பேடைப்போல் பல மடங்கு. அறையில் இன்னொருவர் தூங்கவோ படிக்கவோ செய்வார் என்றால், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு உள்ளதையே வாங்குங்கள். உள்ளே வரும் தூசைத் தடுக்கும் வலை இருந்தால் நல்லது. அதைக் கழற்றிக் கழுவ முடிய வேண்டும். வண்ண விளக்கு இருப்பதும் இல்லாததும் குளிர்ச்சியைத் தொடாத செய்தி.

காற்று வெளியேறும் துளையில் மாட்டி உறிஞ்சும் கருவிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை எல்லாக் கணினிகளின் துளைகளிலும் பொருந்துவதில்லை. பொருந்தாத இடத்தில் காற்றுப் போகும் வழியையே மறித்துவிடுகின்றன. பனிக்கட்டிப் பையையோ ஈரத்துணியையோ கணினிக்கு அடியில் வைப்பதும், ஜில்லென்று ஆகும் தகடு கொண்ட கருவிகளை ஒட்டவைப்பதும் அதைவிடக் கேடானவை. நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில், ஐஸ் வாட்டர் டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதைப் போலவே கணினியின் உட்புறமும் வியர்க்கும்.

வாங்கி வந்த பிறகு

உறையைப் பிரித்த அன்றே, முன்பு செய்த அதே வேலையை, முன்பிருந்த அதே அறையில், பேடின் விசிறியை நிறுத்தி ஒரு முறையும் ஓடவிட்டு ஒரு முறையும் செய்து, இரண்டு எண்களையும் பழைய குறிப்போடு ஒப்பிடுங்கள். விசிறி ஓடும்போது மட்டும் தெளிவான வேறுபாடு தெரிந்தால் பேட் தன் விலைக்கு வேலை செய்கிறது. நிறுத்தியிருந்தாலும் ஓடினாலும் ஒரே எண்தான் வருகிறது என்றால், நீங்கள் பெற்ற பலன் முழுவதும் உயரத்தால் வந்தது. பெட்டியையும் ரசீதையும் எடுத்து, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அதை அனுப்பிவிட்டு, அந்தப் பணத்தில் சிறு பகுதிக்கு ஒரு ஸ்டாண்ட் வாங்கிக்கொள்ளுங்கள்; அது வந்து சேரும் வரை பாட்டில் மூடிகள் இருக்கின்றன.